சேஃப்டி பிஎல்சியைத் தொடவே கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழிற்சாலைப் பராமரிப்பு பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில், பாதுகாப்புத் தரச் சான்று பெற்ற பிஎல்சியை, அதாவது ஆபத்து வந்தால் மெஷினை நிறுத்தும் ‘சேஃப்டி’ வகைக் கட்டுப்பாட்டுக் கணினியை, வேறு எந்த வேலைக்கும் தொடக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். பினாங்கின் பிறை தொழிற்பேட்டையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இது சரியாகப் படவில்லை. தொடலாம். பயப்பட வேண்டிய இடம் வேறு.

சீமென்ஸ் எஸ்7-1500எஃப் வகை சிபியு, அதாவது பிஎல்சியின் மூளை, சாதாரண புரோகிராமையும் சேஃப்டி புரோகிராமையும் ஒன்றாக ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. சேஃப்டி தேவையில்லை என்றால் டிஐஏ போர்ட்டல் என்ற சீமென்ஸ் மென்பொருளில் அந்த வசதியை அணைத்துவிட்டுச் சாதாரண சிபியுவாகவே வைத்துக்கொள்ளலாம். ராக்வெல் நிறுவனத்தின் கார்ட்லாஜிக்ஸ் என்ற சேஃப்டி பிஎல்சியிலும் சாதாரண டாஸ்க் (புரோகிராம் பகுதி) தனி, சேஃப்டி டாஸ்க் தனி. கன்வேயரோ பம்போ பேக்கிங் மெஷினோ, எதை ஓட்டச் சொன்னாலும் ஓட்டும். 2021, 2022-இல் சிப் தட்டுப்பாடு வந்து ஒரு பிஎல்சிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தபோது, பினாங்கின் தொழிற்பேட்டைகளான பாயான் லெப்பாஸிலும் பத்து கவானிலும் ஸ்டோர் அலமாரியைக் குடையாத டெக்னீஷியன் இருந்திருக்க மாட்டார்.

சிபியுவோடு கூடவே இருக்கும் மஞ்சள் நிற சேஃப்டி மாடியூல்களையும் (சிக்னலை வாங்கி, கொடுக்கும் பெட்டிகள்) சேர்த்து மாட்டுவதுதான் வம்பு. சேஃப்டி அவுட்புட், தன்னைத் தானே சோதித்துக்கொள்ள மில்லி விநாடிக் கணக்கில் மின்சாரத்தை அணைத்து அணைத்துப் பார்க்கும். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டருக்கு அது தெரியாது. ஆனால் வேகமான எலக்ட்ரானிக் இன்புட்டுக்கு அதைக் கொடுத்தால் காரணமே இல்லாமல் சிக்னல் விட்டுவிட்டு வரும், ஆளும் குழம்பிப் போவார். வயரில் கோளாறு என்று மாடியூல் கண்டுபிடித்துவிட்டால் அவுட்புட்டைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஒருவர் வந்து ஒப்புதல் தரும்வரை அப்படியே நிற்கும். கையை நசுக்கக்கூடிய பிரஸ் மெஷினுக்கு அதுதான் வேண்டும். இரவு ஷிப்டில் தண்ணீர் இறைக்கும் பம்புக்கு எதற்கு? ஆகவே சிபியுவை எடுங்கள், சாதாரண மாடியூல்களைச் சேருங்கள். எஸ்7-1500-இல் புரோகிராம் மெமரி கார்டில்தான் இருக்கும் என்பதால் பழைய கார்டையும் பாஸ்வேர்டையும் அப்படியே விட்டு வைக்காதீர்கள்.

இனி, நான் பயப்படுவது எதற்கு என்று சொல்கிறேன். ‘சேஃப்டி பிஎல்சிதானே ஓட்டுது, ஒண்ணும் ஆகாது’ என்ற பேச்சை இங்கே பல மெஷின்களுக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பெட்டி மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருப்பதால் மட்டும் மெஷின் பாதுகாப்பாகிவிடாது. அவசர நிறுத்தப் பொத்தான், கதவு சுவிட்ச், அதைப் படிக்கும் இன்புட், சரிபார்த்த புரோகிராம், கடைசியில் மோட்டாரைத் துண்டிக்கும் கான்டாக்டர், இந்தச் சங்கிலி முழுவதையும் பார்த்துத்தான் மெஷின் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 13849 விதி பாதுகாப்பின் அளவை மதிப்பிடுகிறது. சாதாரண டாஸ்க்கில் எழுதிய கதவு லாஜிக், சேஃப்டி சிபியுவில் ஓடினாலும் சாதாரண லாஜிக்தான்.

இதைவிடப் பெரியது இன்னொன்று. அந்தக் கண்ட்ரோலர் ஏன் ஸ்டோரில் இருந்தது? ஏதோ ஒரு பிரஸ்ஸுக்கோ ரோபோவுக்கோ ஸ்பேராக. அதைக் கன்வேயரில் மாட்டிய பிறகும் ஸ்டோர் கணக்கில் ‘ஸ்பேர் ஒன்று’ என்றே எழுதியிருக்கும். அதிகாலை மூன்று மணிக்குப் பிரஸ் சிபியு செத்துப்போனால் என்ன நடக்கும் என்று இத்துறையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேடும் ஸ்பேர் அலமாரியில் இருக்காது. ‘இருக்கிற சாதாரண பிஎல்சியைப் போட்டு ஓட்டு’ என்பார் மேலாளர். கதவு திறந்திருந்தாலும் மூடியதாகக் காட்ட யாராவது கதவு சுவிட்சுக்கு ஜம்பர் வயர் போடுவார். சாதாரண வேலையில் சேஃப்டி பிஎல்சியை மாட்டினால் பணம்தான் கூடுதல். சேஃப்டி வேலையில் சாதாரண பிஎல்சியை மாட்டினால் விரல் போகும். கட்டுரையில் எச்சரித்திருக்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான்.

கன்வேயரில் இருந்ததைக் கழற்றித் திரும்பப் பிரஸ்ஸில் வைப்பதும் அவசரத்தில் முடிகிற வேலையல்ல. அங்கீகரித்த புரோகிராமை ஏற்றி, சேஃப்டி சிக்னேச்சர் (சேஃப்டி புரோகிராமின் அடையாளக் குறியீடு) பழைய பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு நிறுத்தப் பொத்தானையும் அழுத்தி, ஒவ்வொரு கதவையும் திறந்து சோதித்துக் கையெழுத்திட வேண்டும். 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் நீக்கப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் வந்திருக்கிறோம். தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. அப்படியிருக்க, ஸ்பேரை எடுக்கும் முடிவை ஸ்டோர்கீப்பரிடமும் இரவு ஷிப்ட் டெக்னீஷியனிடமும் விட்டுவிடுவது நியாயமா? பாதுகாப்பு அதிகாரியும் கையெழுத்திடட்டும். எடுத்த அன்றே ஸ்பேர் பட்டியலில் இருந்து அடித்துவிட்டு, மாற்று வாங்க ஆர்டர் போடட்டும்.

அடுத்த வாரம் அதே பக்கத்தில் இதற்கும் இடம் தந்தால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு.