வைரஸ் வரும் வழியை மழைக்கு முன்பே அடையுங்கள்

பெறுநர்: இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்கள், கால்நடைப் பராமரிப்பு, தோட்டக்கலை, மீன்வளம், பொதுச் சுகாதாரத் துறைகளின் மாவட்ட அலுவலர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பயிர் நோய், கால்நடை மருத்துவம், இறால் வளர்ப்பு, பொதுச் சுகாதாரம் ஆகிய நான்கிலும் வேலை செய்கிற நாங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. தொண்டி முதல் சாயல்குடி வரை, மழையை ஒட்டி வைரஸ் நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மிளகாய் முடங்குகிறது, ஆடு கழிந்து சாகிறது, இறால் குளம் சில நாளில் காலியாகிறது, பிள்ளைகள் காய்ச்சலில் படுக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஒரு துறை பார்க்கிறது. ஆனால் களத்தில் நடப்பது எங்கும் ஒன்றுதான்: நோய் வந்த பிறகு ஏதாவது ஒரு மருந்தைத் தெளிப்பது, அல்லது ஆன்டிபயாடிக் ஊசி போடுவது. முடங்கிய செடியையோ வெண்புள்ளி கண்ட இறாலையோ மீட்கும் மருந்து எதுவும் இல்லை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கானது, வைரஸ் அதற்கு அசையாது. ஆட்டுக்கு அதைப் போடுவது பின்னால் வரும் நிமோனியாவைத் தடுக்கத்தான், அடிப்படையான வைரஸ் நோயைத் தீர்க்க அல்ல. எனவே அந்தந்த வைரஸ் எந்த வழியாக வருகிறது என்று பார்த்து, அந்த வழியை முன்கூட்டியே அடைப்பதுதான் வேலை. அந்த வேலைக்குக் கெடு புரட்டாசி.

மிளகாயிலிருந்து தொடங்குகிறோம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயின் இலை சுருள மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் ஒரே மருந்தை அடிப்பதுதான் பணம் வீணாகும் இடம். இலைப்பேன் தாக்கினால் இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருளும். சிலந்திப்பேன் என்றால் கீழ்நோக்கி மடங்கும், காம்பு நீளும். வைரஸ் என்றால் மேல்நோக்கிச் சுருள்வதோடு நரம்பு தடிக்கும், நரம்புகளுக்கு இடையே வெளுக்கும், செடி குட்டையாகிப் புதர் போல் அடையும். ஐயம் இருந்தால் புதுத் தளிரைப் பார்க்கலாம். பூச்சிக்கு மருந்து அடித்தபின் வரும் தளிர் நேராக வந்தால் அது பேன். தளிரும் சுருண்டே வந்தால் அது வைரஸ். அந்தச் செடிக்கு இனிச் செலவு செய்வதில் பயனில்லை.

அந்த வைரஸிலும் இரண்டு விதப் பயணம் உண்டு. இலைச்சுருள் வைரஸை வெள்ளை ஈ சுமக்கிறது. நோயுற்ற செடியில் சாறு உறிஞ்சியபின் வைரஸ் பூச்சியின் உடலுக்குள் சுற்றி எச்சிலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதன்பின் அந்த ஈ பெரும்பாலும் சாகும்வரை பரப்பும். இங்கே இளம்பயிரில் ஈயைக் குறைப்பது ஓரளவு பலன் தரும். தேமல் நோயின் வெள்ளரி மொசைக் வைரஸை அசுவினி சுமக்கிறது. ஒரு செடியில் வாயை ஊன்றிய சில நொடிகளிலேயே வைரஸ் ஒட்டிக்கொள்ளும், அடுத்த செடியில் ஊன்றியதும் இறங்கிவிடும். பூச்சிமருந்து அசுவினியைக் கொல்வதற்குள் அது பல செடிகளைத் தொட்டிருக்கும். ஆகவே அசுவினி வழி வரும் தேமலுக்கு மருந்தடிப்பு தடுப்பே ஆகாது. அதற்கு வேண்டியது ஓரப்பயிர்: வயலைச் சுற்றிலும், ஐந்து வரிசை மிளகாய்க்கு இரண்டு வரிசை வீதம் காற்று வரும் திசைக்குக் குறுக்கேயும், சோளமோ மக்காச்சோளமோ விதைக்க வேண்டும். பறந்து வரும் அசுவினி முதலில் சோளத்தில் வாயை ஊன்றி, சுமந்து வந்த வைரஸை அங்கேயே விட்டுவிடும்.

மூன்றாவதாக விதையின் மேல்தோலில் ஒட்டி வரும் மொசைக் வைரஸ் ஒன்று உண்டு. லிட்டருக்கு 100 கிராம் டிரைசோடியம் பாஸ்பேட் கரைத்து, விதையை 30 நிமிடம் ஊறவைத்து, பலமுறை நல்ல நீரில் அலசி உலர்த்தினால் அது கழன்றுவிடும். அலசல் குறைந்தால் முளைப்பு கெடும். இந்த நேர்த்தி வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருளைத் தடுக்காது என்பதையும் விவசாயியிடம் சொல்லியே கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால், இலை சுருண்டதும் நேர்த்தி பொய் என்று அடுத்த ஆண்டு கைவிட்டுவிடுவார்.

தோட்டக்கலைத் துறைக்கு ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாநிலம் முழுதும் அச்சிடப்படும் துண்டறிக்கையில் நாற்றங்காலை 40 முதல் 50 மெஷ் நைலான் வலைக்குள் வளர்க்கச் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் நம் மானாவாரிக் கரிசலில் பெரும்பாலோர் நாற்று விடுவதில்லை; மழையை நம்பி நேரடியாக விதைக்கிறார்கள். இவர்களுக்கு வலை மானியம் உதவாது. ஓரப்பயிருக்குச் சோள விதை, விதை நேர்த்திக்கு டிரைசோடியம் பாஸ்பேட், ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறி, முதல் 45 நாளுக்குள் முடங்கிய செடியைப் பிடுங்கிப் புதைக்கக் கூலி உதவி: இவைதான் பொருந்தும். வயலோரத்துத் தக்காளி, பப்பாளி மேலும் ஒரு கண் வேண்டும், அவற்றிலும் இதே இலைச்சுருள் வைரஸ் தங்கும். பைரித்ராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தால் வெள்ளை ஈயைத் தின்னும் பூச்சிகள் செத்து ஈ இன்னும் பெருகும் என்பதை மருந்துக்கடைக்காரர்களை அழைத்தே சொல்லுங்கள். விவசாயி முதலில் கேட்பது அவர்களிடம்தான்.

உளுந்தின் மஞ்சள் தேமலும் வெள்ளை ஈ வழிதான். நெல்லின் துங்ரோ நோயில் இரண்டு வைரஸ்கள் கூட்டு. ஒன்று இல்லாவிட்டால் மற்றதைப் பச்சைத் தத்துப்பூச்சியால் சுமக்க முடியாது.

இனி ஆடு. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது 1987-இல், நம் மாநிலத்தின் விழுப்புரம் பக்கத்து அரசூரில். மனிதருக்கு வரும் தட்டம்மை வைரஸும், 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்த மாட்டு வெக்கை நோய் வைரஸும் இதற்கு நெருங்கிய உறவு. மாட்டு வெக்கையை ஒழித்ததைப் போலவே இதையும் 2030-க்குள் ஒழிப்பது உலக இலக்கு. தடுப்பூசி மலிவானது, நான்கு மாதம் ஆன குட்டிக்குத் தோலுக்கடியில் 1 மில்லி, ஒரு முறை போட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் காக்கும். இவ்வளவு நல்ல ஊசி இருந்தும் ஆடுகள் சாவதற்கு இரண்டு காரணங்களைக் காண்கிறோம்.

முதலாவது சூடு. இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். உறையுலர்த்திய குப்பியைக் கரைத்த நொடியிலிருந்து அது சாகத் தொடங்கும். பனிக்கட்டி மேல் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பெரிய குப்பியைக் காலையில் கரைத்துக்கொண்டு, ஐந்து ஆடு பத்து ஆடு என்று சிதறிக் கிடக்கும் வீடுகளை மதியம் வரை சுற்றினால் கடைசி வீட்டு ஆட்டுக்கு ஏறுவது வெறும் தண்ணீர். சிறிய குப்பிகள் கேட்டு வாங்குங்கள், இல்லையேல் ஆடுகளை ஓரிடத்தில் திரட்டிவிட்டுக் குப்பியைத் திறக்கச் சொல்லுங்கள். கோமாரித் தடுப்பூசிக்கோ நேர்மாறான ஆபத்து: அது எண்ணெய்க் கலவை, உறைந்தால் கலவை பிரிந்து கெட்டுவிடும். இரண்டுக்கும் 2 முதல் 8 டிகிரிதான் கணக்கு. இரண்டையும் ஒரே ஐஸ் பெட்டியில் நேராகப் பனிக்கட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டு போகிறார்கள். அட்டைத் தடுப்பும் ஒரு வெப்பமானியும் வைத்தால் போதும். ஒரு முகாமின் உழைப்பு வீணாகாது.

இரண்டாவது காரணம் கீதாரிகள் (ஊர் ஊராக மந்தை மேய்ப்போர்) கணக்கில் வராதது. கிடை ஆடுகள் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி டெல்டா வரை போய், மழைக்கு முன் திரும்புகின்றன. முகாம் நடப்பது வருவாய்க் கிராமப் பட்டியல்படி. முகாம் நாளில் கிடை வேறு மாவட்டத்தில் நிற்கும். மந்தை திரும்பும்போது நோயும் கூடவே வரலாம். கிடை எப்போது கிளம்பும், எப்போது திரும்பும் என்பதைக் கீதாரிகளிடமே கேட்டு, கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு ஊசியை முடியுங்கள். டெல்டா மாவட்ட அலுவலர்களுக்கு அந்தப் பட்டியலை அனுப்புங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை 21 நாள் தனியே கட்டச் சொல்லுங்கள்.

நீலநாக்கு நோய்க்கு வழி வேறு. கொசுவைவிடச் சிறிய கியூலிகாய்டஸ் ஈ, சாணியும் சேறும் கலந்த ஈரத்தில் பெருகி, மழை ஓய்ந்த வாரங்களில் கடிக்கிறது. செம்மறிதான் அதிகம் சாகும்; நம் இராமநாதபுரம் வெள்ளையும் கீழக்கரிசலும் அந்த அபாயத்தில்தான் நிற்கின்றன. இந்தியாவில் கிடைக்கும் தடுப்பூசியில் ஐந்து வகை வைரஸ்கள் உள்ளன (1, 2, 10, 16, 23). உலகில் இருப்பவை இருபதுக்கும் மேல். எனவே ஊசி போட்டும் நோய் வந்தால் ஊசியைக் குறை சொல்லுமுன் எந்த வகை என்று பரிசோதிக்க வேண்டும். மழைக்கு முன்பே ஊசி போட்டு, கிடையை மேட்டுக்கு மாற்றி, மாலையில் புகை மூட்டம் போட்டால் கடி குறையும்.

இறால் குளங்களுக்கு வருவோம். வெண்புள்ளி வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது. ஆனால் நண்டு, காட்டு இறால் என ஓட்டுடலிகள் பலவற்றிலும் தங்கும். நோய் வெளிப்பட்டால் மூன்று முதல் பத்து நாளில் குளம் முழுதும் சாகும். அதைவிடப் பெரிய கேடு, பதறிப்போய் மதகைத் திறந்து நீரை வெளியே விடுவது. அந்த நீர் பக்கத்துக் குளத்துக்கும், பாக் நீரிணையில் நம் மீனவர்கள் பிடிக்கும் நண்டுக்கும் போய்ச் சேரும். திறக்காமல், ஒரு எக்டேர் பரப்பு, ஒரு மீட்டர் ஆழத்துக்கு 600 கிலோ பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். இந்தக் கணக்கு 30 சதக் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு மட்டும். அப்போதுதான் லிட்டருக்கு 18 மில்லிகிராம் கிடைக்கும். நம் கடற்காற்றில் மூட்டை ஓரிரு மாதம் கிடந்தாலே வீரியம் இறங்கும். பாதியாக இறங்கியிருந்தால் இரண்டு மடங்கு வேண்டும். ஏழு நாள் கழித்து, குளோரின் இல்லை என்று சோதித்த பிறகே நீரை விட வேண்டும். மீன்வளத் துறை ஒவ்வொரு பண்ணைக் கொத்துக்கும் பவுடரின் ஓர் அவசர இருப்பு வைக்கலாம். நோயை அறிவிக்கும் பண்ணையாளரைத் தண்டிப்பது போல நடத்தினால் இரவோடு இரவாக மதகு திறக்கும். அறிவித்தவருக்குப் பவுடர் இலவசம் என்றால் அடுத்த நாள் காலையில் தொலைபேசி வரும்.

மனிதர் பக்கம் டெங்கு. குடிநீர் நாள்விட்டு நாள் வரும் ஊரில் டிரம்மும் சிமெண்ட் தொட்டியும் நிரம்பித்தான் நிற்கும். மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்; நீர் ஏறியதும் பொரிக்கும். அதனால் கவிழ்ப்பது போதாது, வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். புகையடிப்பு அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். வீட்டுக்குள் கட்டிலடியில் இருப்பது தப்பிவிடும்.

மஞ்சள் காமாலை வைரஸ்களும் வயிற்றுப்போக்கு வைரஸ்களும் குடிநீரில் வருகின்றன. இந்தியத் தரநிலை 10500, குழாய் முனையில் குளோரின் எச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் கேட்கிறது. வைரஸ் பாதுகாப்பு தேவைப்படும்போது 0.5 வேண்டும் என்கிறது. யாத்திரிகர் கூடும் இராமேசுவரத்தில் திருவிழா நாட்களிலாவது 0.5-ஐ வைத்திருங்கள். இங்கே மிளகாய் மீண்டும் வருகிறது. குடைமிளகாய் மிதத் தேமல் வைரஸ் உணவோடு போய் நம் குடலை ஒன்றும் செய்யாமல் கடந்து மலத்தில் ஏராளமாக வெளியேறும். அதனால் உலகில் பல இடங்களில் நீரில் கழிவு கலந்ததைக் காட்டும் அடையாளமாக அதைத் தேடுகிறார்கள். அக்னி தீர்த்தக் கடல்நீரை இந்தச் சோதனைக்கு அனுப்பலாம்.

நாய்க்கடியால் வரும் ரேபிஸ் வைரஸுக்கு: காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுதல், அன்றே முதல் ஊசி, பிறகு தோலுக்குள் போடும் முறையில் 3, 7, 28-ஆம் நாள். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப்பொருள்) கட்டாயம். அது எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் எழுதுங்கள்.

எல்லா வைரஸும் பகை அல்ல. கடல்நீர் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ ஒரு கோடி வைரஸ்கள் இருக்கும். பெரும்பாலானவை பாக்டீரியாவை மட்டும் தாக்கி, கடலின் உணவுச் சுழற்சியை நடத்துகின்றன. காய்ப்புழுவைக் கொல்லும் என்.பி.வி. வைரஸை எக்டேருக்கு 250 எல்.இ. (ஒரு எல்.இ. என்பது நோயுற்ற ஒரு முதிர்ந்த புழுவில் கிடைக்கும் வைரஸ் அளவு) வீதம் தெளித்தால் தேனீக்கும் ஆட்டுக்கும் கேடில்லை. மாலையில் மட்டுமே தெளிக்க வேண்டும், வெயிலில் இந்த வைரஸ் சில மணி நேரத்தில் செத்துவிடும். தென்னையின் காண்டாமிருக வண்டுக்கு, வைரஸ் ஏற்றிய வண்டுகளை எக்டேருக்கு 10 முதல் 15 விடும் முறை லட்சத்தீவில் பலன் தந்திருக்கிறது. உச்சிப்புளி, தங்கச்சிமடம் தோப்புகளில் முயலத் தக்கது.

கடைசியாக மாதிரி எடுப்பது. தவறான மாதிரியால் நோயின் பெயரே தெரியாமல் போகிறது. இறாலை ஃபார்மலினில் போட்டால் பி.சி.ஆர். சோதனை (வைரஸின் மரபணுவைத் தேடுவது) பெரும்பாலும் கெடும். நீச்சல் காலையும் செவுளையும் 95 சத எத்தனாலில் போட வேண்டும். மிளகாய்த் தளிரை ஈரமான பிளாஸ்டிக் பையில் அடைத்தால் அழுகும். காகித உறையில் சிலிகா ஜெல்லோடு வைக்க வேண்டும். ஆட்டின் மூக்கு, கண் துடைப்புகளைக் காய்ச்சல் ஏறிய முதல் நாட்களிலேயே எடுத்து ஐஸில் அனுப்ப வேண்டும். டெங்குக்கு முதல் ஐந்து நாள் என்.எஸ்.1 (வைரஸின் புரதத்தைத் தேடும் இரத்தச் சோதனை), அதன்பின் ஐ.ஜி.எம். (உடல் உண்டாக்கிய எதிர்ப்புப்பொருளைத் தேடுவது); மாற்றிச் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரும். எத்தனால் குப்பி, சிலிகா உறை, துடைப்புக் குச்சி, ஐஸ் பேக், எந்த ஆய்வகத்துக்கு எது என்ற ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு ஆகியவற்றை வைத்து ஒன்றியத்துக்கு ஒரு பெட்டி தயார் செய்யுங்கள். நான்கு துறையும் பயன்படுத்தும் பொதுப் பெட்டியாக அது இருக்கட்டும். அதில் பதிவாகும் முடிவுகளை மாதம் ஒருமுறை நான்கு அலுவலர்களும் ஒரே மேசையில் பாருங்கள். கடலாடி, மண்டபம், திருப்புல்லாணி, திருவாடானை ஒன்றியங்களுக்கு ஆவணி முடிவதற்குள் பெட்டி போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரையில் பயிர், கால்நடை, இறால், மக்கள் நலப் பணிகளில் இருப்போர்