பட்டம் வாங்கிய பிறகு எங்கே நிற்பது?

ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் மருத்துவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உள்நாட்டில் படித்த பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை வெளியிலிருந்து வருகிறவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். முப்பது வருடம் இளம் மருத்துவர்களுக்கு மயக்க மருந்துத் துறையில் வேலை கற்றுக்கொடுத்தவள் நான். என்னால் அதை ஏற்க முடியவில்லை. இடம் யாருக்கு என்று கேட்பதற்கு முன், இடம் ஏன் இவ்வளவு குறைவு என்று கட்டுரை கேட்டிருக்க வேண்டும்.

கல்லூரி முடித்துப் பட்டம் வாங்கியதும் ஒருவர் முழு மருத்துவராகிவிடுவதில்லை. அதன்பின் பல வருடம் ஒரு சீனியரின் கண் முன்னால் ராத்திரி டியூட்டி பார்த்து, தவறு நேரும் முன் தடுக்கப்பட்டு, கை பழக வேண்டும். அந்தப் பயிற்சி இடத்துக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆளும் வேண்டும். அரசுகள் கல்லூரி இடங்களைத்தான் எண்ணிக் காட்டுகின்றன. அடைப்பு இருப்பதோ இந்தப் பயிற்சி இடங்களில்.

அமெரிக்காவையே பாருங்கள். மருத்துவர்கள் தேவைக்கு மேல் மிஞ்சிப்போவார்கள் என்ற பயம் அங்கே ஒரு காலத்தில் இருந்தது. முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் பணம் தரும் ரெசிடென்சி இடங்களுக்கு, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி இடங்களுக்கு, 1997-ல் வந்த பட்ஜெட் சட்டம் உச்சவரம்பு வைத்தது. இருபது வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் 1,000 புது இடங்களுக்கு வழி பிறந்தது, அதுவும் வருடத்துக்கு 200-க்கு மிகாமல். இன்று அங்கே வேலை பார்க்கும் மருத்துவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் வெளிநாட்டில் படித்தவர்கள். அவர்களை ஒரே நாளில் எடுத்துவிட்டால் எத்தனை வார்டுகள் இயங்கும்?

பிரிட்டன் 2019-ல் எல்லாத் துறை மருத்துவர்களையும் ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்து, வெளிநாட்டவருக்குக் கதவை அகலத் திறந்தது. இங்கிலாந்தில் மருத்துவக் கல்லூரி இடங்களை 2031-க்குள் இரண்டு மடங்காக, 15,000 ஆக்கப்போவதாக 2023-ல் திட்டமும் போட்டார்கள். சரி, பயிற்சி இடங்கள்? 2025-ல் சுமார் 10,000 இடங்களுக்கு 30,000-க்கும் மேற்பட்டோர் போட்டியிட்டார்கள். அங்கேயே படித்து முடித்த பிள்ளைகளும் வெளியே நிற்கிறார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆளை வரச்சொன்னது அரசு, பயிற்சி இடத்தைக் கூட்டாமல் விட்டதும் அரசு. வந்தவர் மேல் பழி போடுவது எப்படிச் சரியாகும்?

அப்படி வந்த ஒருவரை நான் மறக்கவில்லை. சொந்த நாட்டில் பதினோரு வருடம் மயக்க மருந்து கொடுத்தவர். எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் பார்வையாளராக நிற்க மட்டுமே அவருக்கு அனுமதி. ஒரு நாள் நோயாளிக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட முடியாமல் என் ஜூனியர் திணறினாள். குரல்வளை சரியாகத் தெரியவில்லை. நான் கிட்டே போவதற்குள் சுவரோரத்திலிருந்து அவர், "தலைக்குக் கீழே இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள்" என்றார். உயர்த்தினாள், அடுத்த முயற்சியில் டியூப் இறங்கிவிட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது, அவருடைய இடது கை, குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பைப் பிடித்திருப்பது போலவே மடங்கியிருந்தது. உரிமத் தேர்வு எல்லாம் தேறியும் பயிற்சி இடம் கிடைக்காமல், பிறகு ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் வேலைக்குப் போய்விட்டார்.

தேர்வைத் தளர்த்துங்கள் என்று நான் சொல்லவில்லை. மயக்கத்தில் கிடக்கும் நோயாளியால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு வேலை தெரிந்தே ஆகவேண்டும். ஆனால் தெரியுமா என்று பார்க்க வேறு வழியும் இருக்கிறது. கனடாவின் பல மாகாணங்களில், அனுபவமுள்ள வெளிநாட்டு மருத்துவரை 12 வாரம் நேரடியாக வேலை செய்யவிட்டு மதிப்பிடுகிறார்கள். தேறியவர் ஆள் கிடைக்காத ஊர்களில் சில வருடம் பணியாற்ற வேண்டும். முதலிலிருந்து ரெசிடென்சியைத் திரும்பச் செய்யச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம், இப்படி மருத்துவர்களை அனுப்பிவிட்டு நிற்கும் நாடுகளைக் கட்டுரை நினைக்கவே இல்லை. ஏழை நாடுகளிலிருந்து ஆளை இழுக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே நெறிமுறை கொண்டுவந்தது. மிக மோசமான பற்றாக்குறையில் இருக்கும் 55 நாடுகளை 2023-ல் பட்டியலிட்டும் காட்டியது. அந்த நெறிமுறை யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. பணக்கார நாடு பயிற்சி இடங்களில் மிச்சம் பிடிக்கும் காசை, கடைசியில் அந்த 55 நாடுகளின் நோயாளிகள்தான் கொடுக்கிறார்கள். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

இந்த விஷயத்தைத் தொடர்ந்து எழுதுவதாக அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த கட்டுரையில், வருடத்துக்கு எத்தனை பேர் பட்டம் வாங்குகிறார்கள், அவர்களுக்கு எத்தனை பயிற்சி இடங்கள், சொல்லிக்கொடுக்க எத்தனை பேர் என்ற மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மயக்க மருந்து மருத்துவர்