என் சன் அல்ட்ரா 5-இல் குவேக் ஓடுகிறது, உதவிய எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு என் மேசை மேல் இருக்கும் சன் அல்ட்ரா 5-உம் அத்தை மகனின் லினக்ஸ் லேப்டாப்பும் ஒரு சின்ன நெட்வொர்க் சுவிட்ச் வழியாக ஒன்றையொன்று கண்டுகொண்டன. குவேக்கின் முதல் மேப். அவன் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். முதல் நிமிடத்திலேயே அவன் என்னைச் சுட்டுத் தள்ளினான், எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஏழு மாதமாக இதற்காகத்தான் அலைந்தேன். இதில் என் கை வேலை கொஞ்சம்தான், மற்றதெல்லாம் மற்றவர்கள் கொடுத்தது. யார் என்ன செய்தார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

பெயர் எதுவும் போடவில்லை, கேட்காமல் போடுவது முறையில்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அல்ட்ரா 5 என்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1998-இல் கொண்டுவந்த யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன். உள்ளே இன்டெல் கிடையாது, அல்ட்ராஸ்பார்க் சிப். என்னிடம் இருப்பது 333 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி மெமரி, சன்னின் சொந்த ஆபரேட்டிங் சிஸ்டமான சோலாரிஸ் 8. குவேக் 1996 ஜூனில் பிசிக்கு வந்த துப்பாக்கிச் சண்டை ஆட்டம், நின்று யோசிக்க ஒரு நொடிகூடத் தராத ஆட்டம். பள்ளிக்கூட நாளில் அடுத்த தெரு கம்ப்யூட்டர் சென்டரில் மணிக்கணக்கில் விளையாடியது. இந்தப் பெட்டியில் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் பழைய ஆசை.

முதல் நன்றி ரிச்சி தெருப் பக்கம் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் அண்ணனுக்கு. எங்கேயோ கழித்துவிட்ட சாமான்களோடு சாமானாக வந்த பெட்டி அது. போர்டை உருவி எடைக்குப் போட்டிருந்தால் அவருக்கு அன்றைக்கே காசு. "தம்பி கேட்டுட்டுப் போயிருக்கு" என்று சொல்லி, எனக்குச் சம்பளம் வரும்வரை மூன்று வாரம் அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். இதற்கு சாதாரண கீபோர்டு சேராது, சன்னின் எட்டு முள் வட்டப் பிளக் வேண்டும், மவுஸ் கீபோர்டில்தான் செருகும். அதை நான் சொன்னதும் இன்னொரு மூட்டையை அவிழ்த்து, கேபிள் சிக்கலுக்கு நடுவில் கையை விட்டுத் துழாவி, இரண்டையும் எடுத்துக் கொடுத்தார். தனியாக ஒரு ரூபாய் வாங்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஆன் செய்தேன். திரை வெள்ளையாக வந்தது, ஐடிப்ராம் (மெஷினின் அடையாளத் தகவல் இருக்கும் இடம்) உள்ளடக்கம் செல்லாது என்று ஒரு வரி, ஈதர்நெட் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக எஃப் எழுத்துகள். இந்த மெஷின்களில் கடிகாரமும், மெஷினின் அடையாள எண்ணும், நெட்வொர்க் முகவரியும் ஒரே சிப்பில் இருக்கும், அந்தச் சிப்புக்குள்ளேயே பேட்டரியும் இருக்கும். பேட்டரி செத்தால் மெஷினுக்குத் தன் பெயரே மறந்துபோகும். முகவரி இல்லாவிட்டால் நெட்வொர்க் இல்லை, நெட்வொர்க் இல்லாவிட்டால் இரண்டு பேர் ஆட்டம் இல்லை.

இங்கேதான் எங்கள் தெருமுனை ரேடியோ மெக்கானிக் அண்ணன். சன் என்ற பெயரையே அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். சிப்பைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே எண் எழுதிய ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்தது, முதலில் அதை நகத்தால் ஓரம் எழுப்பி, கிழியாமல் உரித்து, ஒரு பழைய பில் புத்தகத்தின் அட்டையில் ஒட்டி "இது இருக்கட்டும்" என்றார். அப்புறம் ரம்பக் கத்தியும் அரமும் வைத்து, கருப்புப் பிசினை அரிசியளவு அரிசியளவாகத் தேய்த்தார். முக்கால் மணி நேரம். உள்ளே பேட்டரிக்குப் போகும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் மின்னியதும் நிறுத்திவிட்டு, பழைய பேட்டரியின் இணைப்பை வெட்டி, இரண்டு ஒயர் சால்டர் செய்து, சாதாரண காசு பேட்டரி போடும் ஹோல்டரை ஒட்டினார். அந்த ஸ்டிக்கரில் இருந்த எண்தான் என் மெஷினின் அசல் முகவரியின் பின்பாதி! அவர் மட்டும் அதை அலட்சியமாகத் தேய்த்துத் தள்ளியிருந்தால் ஏதோ ஒரு கற்பனை எண்ணைத்தான் கொடுத்திருக்க வேண்டும். அண்ணே, உங்கள் கை வாழ்க.

எண் கிடைத்தால் போதுமா, அதை மறுபடி சிப்பில் ஏற்ற வேண்டுமே. அதற்கு சார். ஒரு காலத்தில் வரிசையாக சன் மெஷின்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவர், என் நண்பனின் பெரியப்பா. சோலாரிஸ் 8 வட்டுகளும், ஜிசிசி கம்பைலர் (எழுதிய புரோகிராமை மெஷின் கட்டளைகளாக மாற்றுவது) இருக்கும் துணை வட்டும் அவரிடம்தான் கிடைத்தன, உறைமேல் அவர் கையெழுத்தில் தேதியோடு. ஓகே என்று மட்டும் காட்டிக் காத்திருக்கும் அந்த வெள்ளைத் திரை உண்மையில் ஃபோர்த் என்ற புரோகிராம் மொழி பேசும் ஒரு சின்ன உலகம் என்று சொல்லிக் கொடுத்தவரும் அவரே. அடையாளத் தகவல் மொத்தம் 16 பைட். 15 பைட்டை நாம் நிரப்ப வேண்டும், கடைசி பைட் அந்தப் பதினைந்தையும் எக்ஸார் (பிட் பிட்டாகப் போடும் ஒரு கணக்கு) செய்து வரும் சரிபார்ப்பு எண். அதை மெஷினையே கணக்குப் போடச் சொல்லலாம். சார் விடவில்லை. நோட்டை எடுத்து, பென்சிலால் ஒவ்வொரு பைட்டையும் எட்டு பிட்டாக ஒன்றுக்குக் கீழ் ஒன்று எழுதி, பத்தி பத்தியாக ஒன்றுகளை எண்ணி, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து விடை எழுதினார். "இப்ப மெஷினைக் கேளு" என்றார். அதே விடை. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன்.

இனி ஆட்டம். அடுத்த நன்றி குவேக்கைச் செய்த ஐடி சாஃப்ட்வேருக்கும் அதன் புரோகிராமர் ஜான் கார்மாக்குக்கும். 1999 டிசம்பரில் குவேக்கின் சோர்ஸ் கோடை, யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வெளியே விட்டார்கள், அது இல்லாவிட்டால் இந்தக் கதையே கிடையாது. பிரித்துப் பார்த்தால் திரைக்கு, ஒலிக்கு என்று சன்னுக்கென்றே தனிக் கோப்புகள் உள்ளே இருக்கின்றன! இன்டெல்லும் ஸ்பார்க்கும் எண்ணின் பைட்டுகளை எதிரெதிர் வரிசையில் வைக்கும் என்பதையும் அப்போதே யோசித்து, ஆட்டம் தொடங்கும்போதே இரண்டு பைட்டை வைத்து எந்த வகை மெஷின் என்று சோதித்துவிடுகிறார்கள். அதனால்தான் என் சன்னும் அத்தை மகனின் லேப்டாப்பும் ஒரே ஆட்டத்தில் ஒரே மொழி பேசுகின்றன. யார் யாரோ உட்கார்ந்து எழுதிய வரிகள். அவர்களுக்கும் நன்றி.

ஆனாலும் எனக்கு ஓடவில்லை. பகிர்வு மெமரி (ஆட்டமும் திரையை நடத்தும் புரோகிராமும் சேர்ந்து பயன்படுத்தும் மெமரி) கிடைக்கவில்லை என்று ஒரு வரி, அதோடு வெளியே. பத்து நாள் இதிலேயே நின்றேன். வழி காட்டியவர் பின்லாந்தில் இருக்கும் ஒரு அம்மா, இன்றும் வீட்டில் சன் மெஷின்கள் வைத்திருப்பவர். நான் அனுப்பிய மூன்று வரிக் கேள்விக்கு அவர் அனுப்பிய பதில் இரண்டு பக்கம். கணக்கு இதுதான்: என் திரை 24 பிட் நிறத்தில் இருந்தது, அதில் ஒரு புள்ளிக்கு 4 பைட், 640-க்கு 480 என்றால் 12,28,800 பைட். சோலாரிஸ் 8 ஒரு துண்டுப் பகிர்வு மெமரிக்கு இயல்பாக வைத்திருக்கும் உச்சவரம்போ 10,48,576. இவ்வளவுதான் விஷயம். வரம்பை உயர்த்தலாம், அதைவிடத் திரையையே 8 பிட்டுக்கு மாற்று என்றார். குவேக் வரைவதே 256 நிறத்தில்தான், 24 பிட்டில் வைத்தால் ஒவ்வொரு புள்ளியையும் மாற்றி நான்கு மடங்கு பைட்டைத் தள்ள வேண்டியிருக்கும். மாற்றினேன். ஆட்ட ஜன்னலுக்குள் மவுஸ் நுழைந்த உடனே பின்னால் இருந்த டெர்மினல் எல்லாம் ஊதாவும் மஞ்சளுமாக மாறிப்போனது, ஆட்டம் தன் நிறப் பட்டியலைப் போட்டுக்கொள்வதால். ஜன்னலுக்குள்ளே குவேக்கின் அந்தப் பழுப்புச் சுவர்கள், சரியான நிறத்தில். எவ்வளவு அழகு தெரியுமா?

வேகம் போதவில்லை. டைம்டெமோ (பதிவான ஆட்டத்தை முழு வேகத்தில் ஓட்டி நேரம் பார்க்கும் சோதனை) ஓட்டினால் முதல் டெமோவின் 969 ஃபிரேமுக்கு, அதாவது படத்துக்கு, 88 விநாடி. இன்டெல்லுக்கு குவேக் புரோகிராமர் மைக்கேல் ஆப்ராஷ் கையால் எழுதிய அசெம்பிளி (சிப்பின் நேரடிக் கட்டளைகள்) உண்டு, சன்னில் எல்லாம் சி மொழியில்தான் வரையப்படுகிறது, அதனால் இவ்வளவுதான் போல என்று விட்டிருந்தேன். அந்த அம்மாதான் மறுபடி கேட்டார்: கம்பைலரிடம் சிப் எது என்று சொன்னாயா? சொல்லவில்லை. பழைய ஜிசிசி, எதுவும் சொல்லாவிட்டால் மிகப் பழைய ஸ்பார்க்கின் 7ஆம் பதிப்புக்குக் கோடு எழுதும், அதில் இரண்டு முழு எண்ணைப் பெருக்க ஒரே கட்டளை கிடையாது, துண்டு துண்டாகத்தான் பெருக்க வேண்டும். அல்ட்ராஸ்பார்க் என்று சொல்லி, வேகமான கோடு எழுதச் சொல்லும் ஆப்டிமைசேஷனையும் போட்டு மறுபடி கம்பைல் செய்தேன். 41 விநாடி. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

அப்புறம் ரசிகர் ஒருவர் செய்த மேப்பைப் போட்டதும் பஸ் எரர் வந்து விழுந்ததே, அதற்கும் அவர்தான். நான்கு பைட் எண் நான்கால் வகுபடும் முகவரியில் இல்லாவிட்டால் ஸ்பார்க் படிக்காது, இன்டெல் ஒன்றும் சொல்லாமல் படித்துவிடும், அதனால் மேப் செய்தவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. முதலில் பைட் பைட்டாக நகலெடுத்துவிட்டு அப்புறம் படி என்று ஆறு வரித் திருத்தம் அனுப்பினார். வேலை முடிந்தது.

மவுஸுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சன் மவுஸ் 1200 பாடு வேகத்தில், அதாவது விநாடிக்கு 1200 பிட்டாகப் பேசும், பைட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு பிட் சேர்வதால் விநாடிக்கு 120 பைட், ஒரு பொட்டலம் 5 பைட், அப்படியென்றால் விநாடிக்கு 24 தடவைதான் சேதி வரும். வேகமாகத் திரும்பினால் பார்வை தாவித் தாவிப் போகும். முந்தைய ஃபிரேமின் அசைவோடு சராசரி எடுக்கும் ஒரு அமைப்பு ஆட்டத்திலேயே இருக்கிறது, அதைப் போடச் சொன்னது அத்தை மகன். ஒலி விட்டு விட்டு வந்தபோது ஒலியை முன்கூட்டியே கலந்து வைக்கும் நேரத்தை 0.1 விநாடியிலிருந்து 0.2 ஆக்கச் சொன்னதும் அவனே. பள்ளிக்கூடத்தில் கற்றதை அவன் மறக்கவே இல்லை.

இன்னொன்று. சன் கீபோர்டின் இடது மேல்மூலையில் ஸ்டாப் என்று ஒரு கீ உண்டு, அதையும் ஏ-யையும் சேர்த்து அழுத்தினால் மொத்த மெஷினும் அப்படியே நின்று ஓகே திரைக்குப் போய்விடும். இடது பக்கம் நகர நான் வைத்திருந்தது ஏ. ராத்திரி பதினொரு மணி, ஆட்டம் உச்சத்தில், சுண்டுவிரல் பட்டுவிட்டது. பதறிப்போய் சாருக்கு போன் செய்தேன். தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர் ஒரே வார்த்தை சொன்னார்: "கோ-ன்னு அடி." அடித்தேன், விட்ட இடத்திலிருந்து மெஷின் தொடர்ந்தது. மறுநாள் காலையில் அந்தக் கீ கூட்டணியையே முடக்கி வைக்கவும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

என் அம்மாவுக்கு: அந்த மின்விசிறிச் சத்தத்தை ஏழு மாதம் பொறுத்துக்கொண்டு, ராத்திரி காபியும் போட்டுக் கொடுத்தாயே, நன்றிம்மா.

திருத்தங்களையும், கம்பைல் செய்த விவரத்தையும், சிப்பின் பிசினை எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும் என்று காட்டும் படங்களையும் கேட்கிற யாருக்கும் அனுப்புகிறேன். அல்ட்ரா 5 வைத்திருப்பவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

சார், மாடிப்படி ஏற முழங்கால் விடவில்லை என்றீர்கள். மெஷினைக் கீழே கூடத்துக்கு இறக்கிவிட்டேன், ஜன்னல் ஓரம், நாற்காலியும் போட்டாயிற்று. வருகிற ஞாயிறு வாருங்கள். ரேடியோ அண்ணனும் கடையைச் சாத்திவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார்.