நாடா தீர்ந்த இடத்தில் நின்ற பாட்டுகள்

மதுரை, செல்லூர்

அன்புள்ள செந்திலுக்கு அம்மா எழுதுவது.

நீ கைப்பேசியில் அனுப்பிய எண்பதுகளின் பாடல் தொகுப்பை முழுவதும் கேட்டேன். எல்லாம் நல்ல பாட்டுகள்; ஏறக்குறைய எல்லாமே இளையராஜாவினுடையவை. அந்நாளில் நம் மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்துக்காரர் அவர் என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனாலும் இத்தகைய தொகுப்புகளை மட்டுமே கேட்கும் உன் வயதுப் பிள்ளைகள், அக்காலத்தில் வேறு எவரும் இசையமைக்கவே இல்லை என்று எண்ணிவிடுவார்களே என்று வருத்தமாக இருக்கிறது. படம் ஓடாததாலோ, பெரிய நடிகர் வாயசைக்காததாலோ, சில மாதங்கள் ஒலித்துவிட்டு ஒதுங்கிப்போன பாட்டுகளின் மேல்தான் எனக்கு அன்று பிரியம் அதிகம்.

இளையராஜாவின் குழுவில் வயலின் வாசித்த வி. எஸ். நரசிம்மன், 1984இல் பாலசந்தரின் 'அச்சமில்லை அச்சமில்லை' படத்துக்கு இசையமைத்தார். அதில் 'ஆவாரம்பூவு ஆறேழு நாளா' என்று எஸ். பி. பாலசுப்ரமணியமும் பி. சுசீலாவும் பாடுவதைக் கேட்டுப் பார். இவ்வளவு நல்ல மெட்டுப் போட்டவருக்கு ஏன் இன்னும் நிறையப் படங்கள் வரவில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. பாரதியின் நூற்றாண்டான 1982இல் வந்த 'ஏழாவது மனிதன்' படத்தில் எல்.வைத்தியநாதன் இசையில் யேசுதாஸ் பாடிய 'காக்கைச் சிறகினிலே' இன்னொன்று. 1904இல் பாரதி சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த சேதுபதி பள்ளியை வடக்கு வெளி வீதியில் கடக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் எனக்கு நினைவுக்கு வரும். மனோஜ் கியான், ஷியாம், சந்திரபோஸ், சங்கர் கணேஷ் என்று தேட வேண்டிய பெயர்கள் இன்னும் பல இருக்கின்றன.

இந்தப் பாட்டுகள் எங்களை வந்தடைந்த வழியும் உனக்குத் தெரிய வேண்டும். காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' அடுக்களையில் ஒலிக்கும். அதில் பிடித்தவற்றை நோட்டுத் தாளில் எழுதி உன் பெரிய மாமாவிடம் கொடுத்தால், அவர் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் இருந்த ரெக்கார்டிங் கடையில் கொடுத்துக் கேசட்டில் பதிந்து வாங்கி வருவார். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாம் கேட்ட ஆறேழு பாட்டுகள் போக இரண்டு மூன்று நிமிட நாடா மிஞ்சும். கடைக்காரர் அந்த இடத்தை வெறுமையாக விடமாட்டார். கைக்கெட்டிய இசைத்தட்டு ஒன்றிலிருந்து நாம் கேட்காத ஒரு பாட்டைப் போட்டு நிரப்பித் தந்துவிடுவார். அவருடைய ரசனையை நான் மிகவும் மதிக்கிறேன். நானாகத் தேடியிருந்தால் ஒருபோதும் கேட்டிருக்க முடியாத பாட்டுகள் அப்படித்தான் நம் வீட்டுக்கு வந்தன. அட்டையில் அவற்றின் பெயர் இருக்காது. முதல் சரணம் முடிந்து வீணையோ குழலோ தொடங்கும்போது நாடா தீர்ந்து பொத்தான் தானாக மேலே எழும்பிவிடும். அவற்றில் பலவற்றை அந்த இடம் வரைதான் எனக்குப் பாடத் தெரியும். உன்னைத் தொட்டிலில் இட்டு நான் பாடியவற்றிலும் சில இப்படிப் பாதியில் நின்றவையே.

கேசட்டுகள் எல்லாம் மரப்பீரோவின் கீழ்த்தட்டில் பத்திரமாக இருக்கின்றன. சிலவற்றில் பூஞ்சை படரத் தொடங்கிவிட்டதால், சித்திரைத் திருவிழாவுக்கு நீ வரும்போது அவற்றைக் கணினியில் ஏற்றித் தந்துவிடு. பெயர் தெரியாத அந்தக் கடைசிப் பாட்டுகளை மட்டும் தனியாக எடுத்து, எந்தப் படம், யார் பாடியது, இரண்டாம் சரணம் எப்படிப் போகிறது என்று எனக்குக் கண்டுபிடித்துச் சொல்.

அன்புடன்,
அம்மா