படைவீரர் பிள்ளைகள் பள்ளி மாறும்போது விலக்கைவிடத் துணையே தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். என் கணவர் சிங்கப்பூர் ஆகாயப்படையில் விமானப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறார். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள மவுண்டன் ஹோம் தளத்திற்கு அவர் அனுப்பப்பட்டபோது எங்கள் மகன் தொடக்கநிலை 2-ஐ முடித்திருந்தான். இரண்டரை ஆண்டு கழித்து நாங்கள் நாடு திரும்பிய வேளையில் அவன் வயதுப் பிள்ளைகள் தொடக்கநிலை 5-இன் மூன்றாம் தவணையைத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். போனபோது கிடைத்த வரவேற்புக்கும் திரும்பியபோது கிடைத்த வரவேற்புக்கும் இருந்த வேறுபாடும், இடையில் அவன் தமிழ் தடுமாறிப்போனதுமே என்னை இக்கடிதம் எழுத வைத்தன.

இது எங்கள் ஒரு வீட்டின் கதையன்று. நம் ஆகாயப்படையின் பயிற்சிப் பிரிவுகள் அரிசோனாவின் லூக் தளத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்திலும் 1993-இல் தொடங்கின. பிரான்சின் கசோவில் 1998-இலும் மவுண்டன் ஹோமில் 2009-இலும் தொடங்கின. எஃப்-35 விமானப் பயிற்சிக்காக ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் எபிங் தளமும் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. ஆகவே இன்னும் பல ஆண்டுகளுக்குப் பிள்ளைகள் பெட்டியும் புத்தகப்பையுமாகப் போய்வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

மவுண்டன் ஹோம் சிற்றூர்தான். ஆனால் அங்குள்ள பள்ளிகளுக்குப் படைவீரர் பிள்ளைகள் வருவதும் போவதும் பழகிப்போன செயல். பெற்றோரின் பணிமாற்றத்தால் பள்ளி மாறும் பிள்ளைகளுக்கென 50 மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை ஒன்று அமெரிக்காவில் நடப்பில் உள்ளது. பழைய பள்ளியிலிருந்து அதிகாரபூர்வ ஆவணங்கள் வந்துசேரும்வரை பெற்றோர் கையோடு கொண்டுவரும் நகல்களை வைத்தே பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், போடவேண்டிய தடுப்பூசி விடுபட்டிருந்தால் 30 நாள் அவகாசம் தரவேண்டும் என்றும் அது சொல்கிறது. ஒஹையோ மாநிலத்தில் 2017-இல் தொடங்கிய ‘ஊதா நட்சத்திரப் பள்ளி’ என்ற ஏற்பாடு, இத்தகைய மாணவர்களைக் கவனிப்பதற்கென்றே பள்ளியில் ஓர் ஊழியர் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அந்த உடன்படிக்கை அமெரிக்கப் படையினரின் பிள்ளைகளுக்கானது; எங்களுக்கு அது சட்டப்படி பொருந்தாது. இருந்தும் அந்தப் பழக்கம் பள்ளியில் ஊறிப்போயிருந்ததால், முதல் நாளே இரண்டு மாணவர்கள் என் மகனை அழைத்துச் சென்று கழிப்பறை முதல் நூலகம் வரை காட்டி, மதிய உணவின்போது தங்களுடனேயே உட்காரவைத்துக்கொண்டார்கள். டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சாதத்தை யாரும் கேலி செய்யவில்லை என்று அன்று மாலை அவன் சொன்னதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

திரும்பி வந்தபோது இங்கும் யாரும் கடுமையாக நடந்துகொள்ளவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வீடு மாறியிருந்ததால் அவன் சேர்ந்தது புதிய பள்ளி. அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பை முழுமையாக முடித்துவிட்டு வந்தவன் இங்கே அதே ஐந்தின் நடுவில் அமரவேண்டியிருந்தது. கணிதத்தில் கட்டம் வரைந்து கணக்குப் போடும் முறையை அவன் கண்டதேயில்லை. ஆனால் அது சில மாதங்களில் பிடிபட்டுவிட்டது. தமிழ்தான் தடுக்கியது. தொலைபேசியில் பாட்டியுடன் நாள்தோறும் பேசி வந்ததால் பேச்சு போகவில்லை. எழுத்தோ தொடக்கநிலை 2-லேயே நின்றுவிட்டிருந்தது. ‘மரம்’ என்பதற்கும் ‘மறம்’ என்பதற்கும் அவனுக்கு வேறுபாடு தெரியவில்லை.

இந்த நிலையில் பள்ளியிலிருந்து எங்களுக்குக் கிடைத்த முதல் யோசனை, தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பதுதான். அன்போடு சொன்னார்கள், அதில் ஐயமில்லை. பல ஆண்டுகள் வெளிநாட்டில் வளர்ந்து தமிழே கேட்காத பிள்ளைக்கு விலக்கு நியாயமானதுகூட. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு, அவன் எதை அறிவான், எதை அறியான் என்று ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்பே கதவைக் காட்டுவது உதவியாகுமா? ஒருமுறை விட்ட மொழியை எந்தப் பன்னிரண்டு வயதுப் பையனும் தானாகத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்வதில்லை.

நாங்கள் விலக்குக் கேட்கவில்லை. அப்பள்ளியின் தமிழாசிரியை ஒருவர் வாரம் இருமுறை பள்ளி முடிந்தபின் அரை மணி நேரம் அவனுடன் அமர்ந்தார். அவன் பேசுவதை முதலில் எழுதவைத்தார். பிறகே பாடநூலைத் திறந்தார். அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் அவன் தமிழையும் எழுதினான். மதிப்பெண்ணைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, ஆனால் எழுதினான். அந்த ஆசிரியையின் நல்ல மனத்தால் கிடைத்தது இது. அடுத்த குடும்பத்திற்கு அப்படி ஒருவர் வாய்க்காவிட்டால் என்ன செய்வது என்பதே என் கவலை.

நான் கேட்பது பெரிய திட்டமன்று. பிள்ளை புறப்படும்போதே அவனுடைய தமிழ்க் கட்டுரைகள் இரண்டு மூன்று, அதுவரை நடத்திய பாடங்களின் பட்டியல், எந்த அளவுக்கு வாசிக்கிறான் என்று ஆசிரியர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டுப் பெற்றோர் கையில் கொடுத்துவிடலாம். திரும்பி வரும்போது அந்தக் கோப்பை வாங்கிப் பார்க்க, சேரும் பள்ளியில் பெயர் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து திரும்பி உயர்நிலையில் சேர்வோருக்கான சேர்க்கைத் தேர்வு ஆங்கிலத்தையும் கணிதத்தையும்தான் சோதிக்கிறது. தமிழில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்க இப்படி ஒருவர் இல்லாவிட்டால் யார் கேட்பார்?

வெளிநாட்டில் இருக்கும் காலத்திலும் தொடர்பு அறாமல் பார்த்துக்கொள்ள முடியும். பியர்ஸ் தளத்திற்கு அருகிலுள்ள பெர்த்துக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றே. ஐடஹோவில் குளிர்காலத்து வெள்ளிக்கிழமை மாலை 7 மணி என்றால் இங்கே சனிக்கிழமை காலை 10 மணி. கல்வி அமைச்சும் தற்காப்பு அமைச்சும் சேர்ந்து வாரத்திற்கு ஒரு மணி நேர இணையவழித் தமிழ் வகுப்பை நடத்தினால், ஒரே ஆசிரியர் இரண்டு கண்டங்களில் உள்ள பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். எண்ணிக்கை குறைவு என்ற காரணத்தைச் சிலர் முன்வைக்கலாம். குறைவாக இருப்பதால்தானே இதைச் செய்வது எளிது?

பணிமாற்ற ஆணை பெரும்பாலும் சில மாதங்களுக்கு முன்பே கைக்கு வந்துவிடும். வரும் டிசம்பரில் புறப்படவுள்ள குடும்பங்களுக்காவது அந்தக் கோப்பு கிடைக்க அமைச்சுகள் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
செம்பவாங்