யாழினி எந்தப் பாடம் எடுக்கலாம்?

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அண்ணன் உடம்பு தேறி நடமாடுகிறார் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்கு லேபில் பழைய ஓட்டம் இல்லை. புதிதாகச் சேர்கிற பிள்ளைகளைப் பழக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அதனால்தான் நீ கேட்டதற்கு இவ்வளவு நீளமாக எழுத வருகிறது, பொறுத்துக்கொள்.

உயிரியல் பக்கம்தான் போவேன் என்று யாழினி முடிவு செய்துவிட்டாள். ஆனால் பயோடெக்னாலஜியா, மைக்ரோபயாலஜியா, ஜெனிடிக்ஸா, சும்மா விலங்கியலா என்று வீட்டில் பட்டிமன்றம் நடக்கிறது என்கிறாய். முதலில் அவளிடம், படித்து முடித்து எங்கே வேலை பார்க்க ஆசை என்று கேள். நோயாளிகளுக்குப் பக்கத்திலா, ஆராய்ச்சிக் கூடத்திலா, காடு கடல் என்று வெளியிலா? மருந்தாளுநர், செவிலியர் மாதிரி வேலைகளுக்குப் பெரும்பாலும் எல்லா இடத்திலும் பதிவு, உரிமம் என்று இருக்கும். அதற்கென்று அங்கீகாரம் பெற்ற படிப்பைப் படித்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்தப் பக்கம் போகிறாள் என்றால் பட்டத்தின் பெயர்தான் எல்லாம், மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

ஆராய்ச்சி என்றால் கதை வேறு. வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில். அப்புறம் மறுபடியும் மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009-இல் அவருக்குக் கிடைத்த நோபலோ வேதியியலுக்கானது! பிரான்சிஸ் ஆர்னால்டு கல்லூரியில் படித்தது மெக்கானிக்கல், ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங். உயிர்களில் வேதிவினைகளை வேகப்படுத்தும் என்சைம்களைப் பரிசோதனைக் கூடத்திலேயே பரிணமிக்க வைத்ததற்காக 2018-இல் நோபல் வாங்கினார். இதைப் படித்துவிட்டு நாளைக்கே அவளை இயற்பியலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதே. அவர்கள் எல்லாம் வேறு ரகம். நான் சொல்ல வருவது, அந்தப் பக்கத்திலிருந்து உயிரியலுக்கு வந்தவர்கள் நிறைய. உயிரியல் மட்டும் படித்துவிட்டு இயற்பியலுக்கோ கணிதத்துக்கோ போனவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். உயிரியலில் புதிய விஷயம் வந்தால் முப்பது வயதிலும் படித்துப் பிடித்துக்கொள்ளலாம். கரிம வேதியியலும் நுண்கணிதமும் அப்படி இல்லை. அவற்றை யாராவது எதிரே நின்று கற்றுக்கொடுத்து, வீட்டுக்கணக்கு கொடுத்து, வாங்கித் திருத்த வேண்டும். அதற்குக் கல்லூரியை விட்டால் வேறு இடம் கிடைப்பதில்லை.

லேபில் நடப்பதைச் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் ஒரு மோலார் உப்புக் கரைசல் 500 மில்லி தயாரித்துக் கொடு என்பேன். சாதாரண உப்பின் மோலார் நிறை 58.44 என்று புட்டியிலேயே அச்சடித்திருக்கும். ஒரு மோலார் என்றால் ஒரு லிட்டர் கரைசலில் அத்தனை கிராம் உப்பு. அதில் பாதி, 29.22 கிராம் எடை போட்டு, 400 மில்லி தண்ணீரில் கரைத்து, பிறகு 500 கோடு வரைக்கும் தண்ணீர் விட வேண்டும். ஜீன் எடிட்டிங் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிற பிள்ளை, 500 மில்லி தண்ணீரை முதலிலேயே அளந்து வைத்து அதில் உப்பைக் கொட்டும். கரைசல் கோட்டைத் தாண்டி மேலே நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தை உறிஞ்சி அளந்து விடுகிற பிப்பெட்டும் அப்படித்தான். அதன் பொத்தான் இரண்டு இடத்தில் தட்டும். உறிஞ்சும்போது முதல் தட்டு வரைதான் அழுத்த வேண்டும், வெளியேற்றும்போதுதான் இரண்டாவது. அடிவரை அழுத்தி உறிஞ்சினால் அளவு ஒவ்வொரு முறையும் கூடும். இதைக் கையில் பிடித்துச் செய்யாமலே மூன்று வருடப் படிப்பை முடித்துவிட்டு வருகிறார்கள், பாவம். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கருவியைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

புள்ளியியலில் இன்னும் மோசம். ஒரே பாத்திரத்துச் செல்களைச் சோதனைத் தட்டின் மூன்று குழிகளில் விட்டு அளந்துவிட்டு, மூன்று தடவை சோதித்தேன் என்று எழுதுவார்கள். நடந்தது ஒரே சோதனைதான், அதை மூன்று தரம் அளந்திருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைப் புரியவைக்கவே எனக்குப் பாதி நாள் போய்விடும்.

கம்ப்யூட்டர் பற்றிக் கேட்டிருந்தாய். கொஞ்சம் புரோகிராமிங் கட்டாயம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புரதங்களின் வடிவத்தைக் கணினியால் கணித்ததற்கும் வடிவமைத்ததற்கும்தான் 2024-இல் வேதியியல் நோபலே போனது.

விலங்கியல், தாவரவியல் எல்லாம் பழைய சரக்கு என்று உன் மைத்துனர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவரிடம் பார்பரா மெக்ளின்டாக்கைப் பற்றிச் சொல். 1927-இல் தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கிய அம்மா அவர். மக்காச்சோள மணிகளின் நிறத் திட்டுகளையும் குரோமோசோம்களையும் பார்த்துப் பார்த்தே, ஜீன்கள் இடம் மாறிக் குதிக்கும் என்று கண்டார். உலகம் நோபல் கொடுத்தது 1983-இல். யாழினிக்குப் பூச்சியோ பறவையோ பிடிக்குமானால் அந்தப் பழைய துறைகளில்தான் இனம் கண்டு பிரிக்கச் சொல்லித்தருவார்கள். பளபளப்பான பெயர் வைத்த படிப்புகளில் அதற்கு நேரமே இருக்காது.

சரி, என்னதான் செய்வது என்கிறாயா? குறிப்பிட்ட ஆசை எதுவும் இல்லை, ஆராய்ச்சி மட்டும் போதும் என்றால் நான் உயிர்வேதியியல் பக்கம்தான் கை காட்டுவேன். வேதியியலை விடாமல் உயிரியலும் கிடைக்கும், அங்கிருந்து எந்தப் பக்கமும் திரும்பலாம். கல்லூரி விளம்பரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு சிலபஸைப் பார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப், புள்ளியியல் தனிப் பாடமா அல்லது ஏதோ ஒன்றின் கடைசி அத்தியாயமா, இறுதி வருடத்தில் சொந்தமாக ஒரு புராஜெக்ட் உண்டா என்று பார். முடிந்தால் அங்கே படிக்கிற பிள்ளைகள் யாரையாவது பிடித்து, பிப்பெட்டை வாரத்துக்கு எத்தனை தடவை கையில் எடுக்கிறாய் என்று கேட்கச் சொல்.

இன்னொன்றை அவளிடம் மறைக்காதே. இளங்கலையோடு நிறுத்தினால் டெக்னீஷியன், தரக்கட்டுப்பாடு, விற்பனை மாதிரி வேலைகள் கிடைக்கும். தானே கேள்வி கேட்டு ஆராய வேண்டும் என்றால் முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும். அத்தனை வருடத்தில் கூடப் படித்தவர்கள் சம்பாதித்து வீடு கட்டியிருப்பார்கள். தெரிந்து இறங்கினால் பின்னால் யார் மேலும் கோபம் வராது.

பார்த்து வைத்திருக்கும் மூன்று கல்லூரி சிலபஸையும் எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன். யாழினியையே எனக்கு எழுதச் சொல், உன் வழியாகக் கேட்டால் பாதி உன் கவலையாகத்தான் வருகிறது. அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வசந்தி