ஏழு நாளையும் கொடுங்கள்: தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மனைவிக்குப் பிரசவம் என்று விடுப்புக் கேட்ட, செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளியிடம், "பிள்ளை பெத்தது நீயா, அவளா?" என்று மண்டோர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தொழிலாளி இரண்டே நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

2023 ஜனவரி 1 முதல், மனைவிக்குப் பிரசவம் ஆனால், மணமான ஆண் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு தொடர்ந்து 7 நாள் விடுப்பு மலேசிய வேலைச் சட்டப்படி உண்டு, ஐந்து பேறு வரைக்கும். அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பேறுகாலத்துக்கு 30 நாள் முன்பாகவோ, பிள்ளை பிறந்ததும் சீக்கிரமாகவோ சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வாரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இரண்டாம், மூன்றாம் நாள் தெரிய ஆரம்பித்து, நான்காம், ஐந்தாம் நாள் உச்சத்துக்குப் போகும். காலை வெயிலில் காட்டினால் போதும் என்று விடக்கூடாது. அளவு மிஞ்சினால் மூளையைத் தாக்கும், காது கேளாமல் போகலாம். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து, "நாளைக்கும் கொண்டு வாங்க" என்பார் மிஸி (தாதி). தையல் போட்ட உடம்போடு தாய் மோட்டார் சைக்கிளில் செம்மண் பாதையில் எப்படிப் போவாள்? தகப்பனோ அந்நேரம் செம்பனைக் காட்டில் அரிவாளோடு நிற்கிறான்.

பதினெட்டு வயதுப் பையன்களும் அதே பெரட்டில்தான் நிற்கிறார்கள். பிள்ளையைத் தூக்குகிறவன் ஆம்பளை இல்லை என்று அந்தச் சிரிப்பு அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரும் இதைக் கற்பிக்கவில்லை. பிறகு, உதிர்ந்த பழம் பொறுக்கிவிட்டு வரும் மனைவி அடுப்பு மூட்டுகிறாள், பிள்ளையை விட்டிருக்கும் ஆயாக்கொட்டகைக்கும் அவளே ஓடுகிறாள். அவன் முகம் கழுவி உட்கார்ந்துவிடுகிறான். மண்டோர் வாயில் வந்த சொல்லை மண்டோர் வாயாலேயே மாற்றலாம். அவர் ஒருவர் ஏழு நாள் எடுத்தாலே போதும், மற்றவர்கள் கூச்சப்படாமல் கேட்பார்கள்.

டன் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் விடுப்பெடுத்தால் காசு போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அந்த நாள்களுக்கு எவ்வளவு, எப்படிக் கணக்கு என்பதைக் கணக்கெழுதும் கிராணியார் எழுதிக் கொடுக்கட்டும்.

ஏழு நாளையும் கொடுங்கள். இரண்டு நாள் கொடுத்துவிட்டு, மீதியை அவனே வேண்டாம் என்றான் என்று சொல்லாதீர்கள். அடுத்த பெரட்டில் இந்த விதியைத் தமிழில் வாசித்து, பலகையிலும் ஒட்டிவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பெற்றோர்